அமாவாசையன்று வந்த கமிஷனர்

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இப்ப எந்த கோர்ட்டுல வாதாடறே?" என்பதுதான். "காஞ்சிபுரத்துலதான்" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் இடம் பிடிக்க ஓடிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும். சட்டம் படித்து, கறுப்பு அங்கி தைத்து, ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்த நாளிலிருந்து நீதிபதியிடம் நான் அதிகமாகப் பேசிய வாக்கியம் ஒன்றே ஒன்று. "பாஸ் ஓவர் ப்ளீஸ், சீனியர் பக்கத்து கோர்ட்டில் இருக்கிறார்." எங்கள் வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். சீனியர் பக்கத்து கோர்ட்டில் இருப்பார் என்று அர்த்தமில்லை. கேன்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இல்லையென்றால் முசரவாக்கத்தில் தன் வயலில், மோட்டார் ரிப்பேர் செய்ய வந்தவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அதை ஆராய்வது ஜூனியரின் வேலை இல்லை.

எங்கள் தொழிலில் இருக்கும் யாரையாவது பிடித்து உங்கள் வேலை என்ன என்று கேளுங்கள், தலையைச் சொறிவார்கள். எது தங்கள் வேலை இல்லை என்று கேளுங்கள், கடகடவென்று ஒப்பிப்பார்கள். சீனியர் கேஸ் கட்டைத் தூக்க மாட்டார், பிரித்துப் படிக்கவும் மாட்டார். இரண்டும் ஜூனியர் வேலை. ஜூனியர் வாய்தா தேதியைச் சொல்லக் கூடாது. அது குமாஸ்தாவின் வேலை. எங்கள் குமாஸ்தா தேதியை விபூதிப் பிரசாதம் கொடுப்பதுபோல் எட்ட நின்று கொடுப்பார். ஏன் இவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று கட்சிக்காரர் கேட்டால், "அதை ஐயாவைக் கேளுங்க" என்பார். ஐயாவைக் கேட்டால், "குமாஸ்தாகிட்ட சொல்லியிருக்கேனே" என்பார். கோர்ட் டவாலி வராந்தாவில் நின்று ஆளின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அது அந்த ஆளின் காதில் விழுந்ததா என்று பார்ப்பது அவருடைய இலாகா இல்லை.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் அந்த அம்மா வந்தார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் குடியிருப்பவர். கணவர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார். வீட்டில் தறி ஓட்டுவது இந்த அம்மாதான். பக்கத்து வீட்டில் இருப்பவர் அவருடைய கொழுந்தன், அதாவது கணவரின் சித்தப்பா மகன். அவரும் நெசவாளர்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு சந்து. இரண்டு பேருக்கும் பொதுவானது. கொழுந்தன் புதிதாக ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். தெருவில் நிறுத்தினால் கோயிலுக்கு வருகிற டூரிஸ்ட் வேன்கள் உரசிவிடுகின்றன என்று காரைச் சந்துக்குள் விட்டு, வாசலில் இரும்பு கேட் போட்டு, பூட்டும் போட்டுவிட்டார்.

"சந்து பூட்டியிருந்தா உங்களுக்கு என்னம்மா? வீட்டுக்கு வாசல் முன்பக்கம்தானே?" என்றார் சீனியர்.

"நடக்கறதுக்கு இல்ல சார். பாவு தோயறதுக்கு" என்றார் அந்த அம்மா.

புடவையின் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், காலை வெயில் ஏறுவதற்குள், நீளமாக இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, காயவைத்து எடுக்க வேண்டும். இதுதான் பாவு தோய்வது. அதற்கு நீளமான இடம் வேண்டும், தெருவில் நாலு பேரின் கை வேண்டும். முன்பெல்லாம் தெருவிலேயே இழுப்பார்கள். இப்போது ஆட்டோவும் வேனும் விடுகிறதா? அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே இடம் இந்தச் சந்துதான்.

"தறியில இருக்கற பாவு முடியப் போவுது சார். அடுத்ததுக்கு நூல் வந்து வீட்ல கெடக்குது. கேட் தொறக்கலைன்னா தறி நின்னுடும். நின்னா முதலாளி நூலைத் திருப்பி வாங்கினு வேற வீட்டுக்குக் குடுத்துடுவாரு. அப்புறம் நமக்கு எவன் குடுப்பான்?" என்றார். அழவெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு, அலுவலகத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சீனியருக்கோ உற்சாகம் வந்துவிட்டது. வழக்குப் போட்டு, கேட்டைத் திறக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேட்டு, கூடவே ஒரு வக்கீல் கமிஷனரையும் கேட்டார். நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்து சந்து சந்தாகப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் தன் கண்ணாக ஒரு வக்கீலை அனுப்புவார். அவர்தான் கமிஷனர். அந்தக் கண்ணுக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது. பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கவும் கூடாது, தனக்குத் தோன்றியதைச் சொல்லவும் கூடாது. எங்கள் வழக்குக்கு அமைந்த கமிஷனர் ஏனாத்தூரிலிருந்து பைக்கில் வருகிற இளம் வக்கீல். முதல் கமிஷன் வேலை என்பதால் புது டேப், புது ஃபைல், புது சட்டை.

எந்த நாளில் பார்வையிடலாம் என்று அவர் இரு தரப்பு வக்கீல்களையும் கேட்டார். எங்கள் சீனியர் காலண்டரை எடுத்தார். காலண்டர் என்றால் அவருக்கு ஒரே ஒரு நாள்தான். புது வழக்குகளை அமாவாசையில்தான் தாக்கல் செய்வார். காரை அமாவாசையில் வாங்கினார். போர் போட்டது அமாவாசையில். அமாவாசையில் தொட்டது துலங்கும் என்பது, சட்டப் புத்தகத்தில் விட்டுப்போன ஒரு பிரிவு என்பதுபோல் பேசுவார். அடுத்த அமாவாசையையே கமிஷனருக்கும் குறித்துக் கொடுத்தார். எதிர் வக்கீலுக்கு அன்று வேறு வேலை இல்லை. சரி என்றுவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா ஓடி வந்தார். "சார், அன்னிக்கு அமாவாசைங்க."

"அதுக்குத்தானேம்மா அந்தத் தேதியே குடுத்தேன்" என்றார் சீனியர், பெருந்தன்மையோடு.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். இது ஒன்றும் ரகசியமில்லை. நான் குடியிருக்கிற வீட்டுக்குப் பின்னால் வரிசையாகத் தறிகள். மாதம் முழுக்கக் காலையில் டடக் டடக் என்று எழுப்பிவிடும். அமாவாசையன்று மட்டும் நான் ஆபீஸுக்கு லேட்டாகப் போவேன். ஆகவே வாயைத் திறந்தேன். "சார், அமாவாசையில தறி ஓடாது சார். பாவும் போட மாட்டாங்க."

"தறி எதுக்கும்மா ஓடணும்? நாம பாக்கப் போறது சந்தை. சந்து அமாவாசைக்கு எங்கயாவது லீவு போட்டுக்கினு ஊருக்குப் போயிடுதா?" என்று என்னைக் கேட்டார். குமாஸ்தா சிரித்தார். சீனியரின் நகைச்சுவைக்குச் சிரிப்பது அவர் வேலைதான், அதில் குறை வைக்க மாட்டார். "நீ போயி மெமோவை டைப் அடிக்கச் சொல்லு" என்று எனக்கு உத்தரவு வந்தது. போனேன்.

அமாவாசையும் வந்தது. தெருவே குளித்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, அமைதியாக இருந்தது. நாங்கள் போய் இறங்கினோம். சீனியர், நான், குமாஸ்தா, எதிர் வக்கீல், கமிஷனர், இவர்களோடு வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதிப் பேர். கமிஷனர் சந்தின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். கேட்டைப் படம் எடுத்தார், பூட்டைப் படம் எடுத்தார். காரை நாலு பக்கமும் எடுத்தார். அதற்கு அன்றைக்குத்தான் கொழுந்தன் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார். பிறகு அந்த அம்மாவின் வீட்டுக்குள் போனார். தறி மேல் ஒரு பழைய புடவை போர்த்தியிருந்தது. அதையும் படம் எடுத்தார்.

"தம்பி, இன்னிக்கு அமாவாசை. அதான் மூடி வச்சிருக்குது. நாளைக்கு வாங்கப்பா, ஓட்டிக் காட்டறேன்" என்றார் அந்த அம்மா.

"நாளைக்கு எனக்கு வாரண்ட் இல்லீங்கம்மா, கோர்ட் உத்தரவு இன்னிக்கு மட்டும்தான்" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. நல்ல பிள்ளை. எதிர் வக்கீல் தறியையும் அந்தப் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வக்கீல் ஒன்றும் சொல்லாமல் நிற்கும்போது பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அறிக்கை வந்தது. அதில் ஒரு பொய் இல்லை, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தில் கார் நிற்கிறது. பாவு எதுவும் காணப்படவில்லை. பாவு தோய்ந்ததற்கான கஞ்சித் தடமும் காணப்படவில்லை. வாதியின் தறி துணியால் மூடப்பட்டு, இயங்காத நிலையில் காணப்பட்டது. படிக்கிற எவரும், இந்த அம்மா தறியை மூட்டை கட்டிவிட்டு, சும்மா வீம்புக்குச் சந்தைக் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

"சார், ஆட்சேபணை போடலாம். அன்னிக்கு அமாவாசைன்னு ஒரு வரி எழுதினா போதும்" என்றேன்.

"தேதி குடுத்தது யாருன்னு எதிர்த்தரப்பு கேப்பான். நான்தான் குடுத்தேன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா?" என்றார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "ஏன்யா, நெசவுக் கேஸுன்னு தெரியும் இல்ல, நீயாவது சொல்லக் கூடாது?" என்று கேட்டார். "தேதி குறிக்கறது ஐயா வேலைன்னு விட்டுட்டேங்க" என்றார் குமாஸ்தா. தேதி கொடுப்பது அவர் வேலை, குறிப்பது அவர் வேலை இல்லையாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்.

இதற்கிடையில் அந்த அம்மாவின் தறியில் இருந்த பாவு முடிந்துபோனது. முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இடைக்கால உத்தரவு விசாரணை வியாழக்கிழமை. அன்று கோர்ட் வராந்தாவில் அந்த அம்மா என்னிடம் கேட்டார், "வக்கீலம்மா, இன்னிக்கு ஏதாச்சும் சொல்லிடுவாங்களா?" சொல்லிவிடுவார்கள், ஆனால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. "பாக்கலாம்மா" என்றேன். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாக ஒரு வக்கீலாகத்தான் இருப்பான்.

எங்கள் சீனியர் எழுந்து, நீதிபதி அம்மாவிடம் பொது வழியுரிமை என்றால் என்ன என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆரம்பித்தார். அமாவாசையை மட்டும் லாவகமாகத் தாண்டிப் போனார். நான் பின்னாலிருந்து அவருடைய அங்கியை இழுத்துப் பார்த்தேன். ஈயை ஓட்டுவதுபோல் கையை வீசினார்.

எதிர் வக்கீல் எழுந்தார். கமிஷனர் அறிக்கையை அவர் படித்த விதத்தில், அந்த மூடிய தறியின் மேல் ஒட்டடை படிந்திருந்தது நமக்கே தெரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அன்றே அவர் ஜெயித்திருப்பார். ஆனால் நல்ல வக்கீலுக்கு ஜெயிப்பது மட்டும் போதாது, இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். "மாண்புமிகு நீதிபதி அவர்களே, அதே நாளில், அதே நேரத்தில், என் கட்சிக்காரர் காலையிலிருந்து தன் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அந்தத் தெருவே நெய்துகொண்டிருந்தது. வாதியின் தறி மட்டும்தான் மூடிக் கிடந்தது" என்றார்.

பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயய்ய, இல்லீங்கம்மா."

கட்சிக்காரர்கள் நிற்கும் இடத்தில் கொழுந்தன் நின்றிருந்தார். வேட்டியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து போய். எதிர் வக்கீல் திரும்பி, கண்ணாலேயே அவரை உட்காரவைக்கப் பார்த்தார்.

"என்ன இல்லை?" என்றார் நீதிபதி அம்மா.

"அன்னிக்கு அமாவாசைங்கம்மா. நான் தறியில உக்காரல. நாங்க அமாவாசையில உக்கார மாட்டோம். உக்காந்தேன்னு பேர் வந்துச்சுன்னா நான் தெருவுல எப்பிடி நடமாடறது?"

"தெருவில் மற்றவர்கள்?"

"யாருமே உக்காரலம்மா. எல்லா வீட்லயும் தறி மூடித்தான் இருந்தது."

"இந்த அம்மா வீட்டிலும் அதனால்தான் மூடியிருந்ததா?"

"ஆமாங்கம்மா. வேற எதுக்கு?"

எதிர் வக்கீல், "கட்சிக்காரர் கொஞ்சம் பதட்டமாக இருக்கிறார்" என்று எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். "மற்ற நாட்களில் இந்தச் சந்தில் பாவு தோய்வது உண்டா?"

கொழுந்தனுக்கு அப்போதுதான் தன் நிலைமை புரிந்தது. வக்கீலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கொழுந்தன் பெருமூச்சு விட்டார். "உண்டுங்கம்மா. எங்கப்பா காலத்துல இருந்தே. நானும்தான் வந்து புடிப்பேன்."

வழக்கு முடியும் வரை கேட்டைத் திறந்து வைக்க வேண்டும், காரை வெளியே எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதுவும் என் வேலை இல்லை.

வெளியே எதிர் வக்கீல் தன் கட்சிக்காரரைத் தூணோரம் நிறுத்திக் காய்ச்சி எடுத்தார். "உன்னைக் கேட்டாங்களாய்யா? பேசறதுக்குத்தானே நான் இருக்கேன்?"

"நீங்க பேசுங்க சார், வேணான்னு சொல்லல. என்னை அமாவாசையில தறியில உக்கார வச்சுப் பேசாதீங்க" என்றார் கொழுந்தன்.

எங்கள் சீனியர் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே, "பாத்தியாம்மா, அமாவாசையில தொட்டா வீணாப் போகாதுன்னு சொன்னேனே" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கியை மடித்தேன்.

ஆனாலும் அவருக்கு எதிர்த்தரப்பு மீது நம்பிக்கை வரவில்லை. "அவன் கேட்டைத் தொறக்க மாட்டான். நீ காலையில போயி நில்லு. தொறக்கலைன்னா போட்டோ எடு, கன்டெம்ப்ட் போட்டுடலாம்" என்றார். கோர்ட் உத்தரவை அவமதித்ததாக இன்னொரு வழக்கு. அதைச் சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, கோர்ட்டுக்குப் போகிற உடுப்பிலேயே, கழுத்துப் பட்டையோடு போய் நின்றேன். கேட் திறந்திருந்தது. கார் தெருமுனையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பரிதாபமாக நின்றது. சந்துக்குள், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அரக்குச் சிவப்பில் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அந்த அம்மா கஞ்சி தெளித்துக்கொண்டு வந்தார். தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் குனிந்து இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடியில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாவின் முனைக் கோலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் கொழுந்தன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் போய், "நீங்க எப்பிடிங்க?" என்றேன்.

"ஏன், பாவு போட்டா வரக் கூடாதா?" என்றார் எரிச்சலாக. "கார் வேற, பாவு வேற. காருக்கு நான் அப்பீல் போறேன். எங்க வக்கீலு சொல்லிட்டாரு. அண்ணி, அந்தப் பக்கம் ரெண்டு இழை அறுந்துக்கினு இருக்குது பாரு."

"பாத்துட்டேம்பா" என்றார் அண்ணி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பகை அப்படியேதான் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் பாவு காய வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மதியத்துக்குள் தறியில் ஏற்றிவிட்டால் முதலாளி வீட்டு ஆள் வந்து பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

வாசல் பக்கக் கோடியில் கோலைப் பிடித்திருந்த பெண்ணுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. யார் பிடிப்பது என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். எல்லோர் கையும் இழையில் இருந்தது. கொழுந்தன் என்னைப் பார்த்தார். "வக்கீலம்மா, சும்மாதானே நிக்கறீங்க? போயி அதைப் புடிங்க. விட்டுடாதீங்க, விட்டா மொத்தமும் போச்சு."

பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். கனமென்றால் அப்படிக் கனம். பட்டு நூல் இவ்வளவு இழுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். என் கறுப்புக் கோட்டில் கஞ்சி தெறித்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பையிலிருந்து போனை எடுத்து, என் காதோரம் பிடித்தார்.

"என்னம்மா, தொறந்தானா?" சீனியர்.

"தொறந்துட்டாரு சார்."

"தகராறு பண்றானா?"

"இல்ல சார்."

"சும்மா இருக்க மாட்டானே. நல்லா பாரு. இப்ப அவன் என்ன பண்ணிக்கினு இருக்கான்?"

அந்தக் கோடியிலிருந்து கொழுந்தன் கத்தினார். "இழுத்துப் புடிங்க வக்கீலம்மா, தொய்யுது. போனெல்லாம் அப்புறம்." காலை ஊன்றிக்கொண்டு இழுத்துப் பிடித்தேன். நடுவில் தாழ்ந்திருந்த பாவு மெல்ல மேலே ஏறி நேராக நின்றது.

"ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?" என்றார் சீனியர்.

"சார், நான் வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்றேன். போனை அணைக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் தலையை ஆட்டினேன்.